சிவப்புத் தரைமேல் சாம்பல் சுவர்

எங்கள் வீட்டு முன்னறையின் சுவர்களுக்குக் கடந்த மாசி மாதத்தில் நானே பெயிண்ட் அடித்தேன். அறை 12 அடிக்கு 11 அடி; உயரம் 10 அடி. கோயம்புத்தூரில் 1980-களில் கட்டிய வீடு என்பதால் தரை முழுவதும் சிவப்பு ஆக்சைடு, கதவும் ஜன்னல் நிலைகளும் தேக்கு, சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து தடவை அடித்த க்ரீம் நிற டிஸ்டம்பர் என்ற பழைய பொடிவகைச் சுவர்ப்பூச்சு. வடக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். பொங்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மார்கழியில் பெயிண்டர்களைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தை போகட்டும் என்று விட்டேன். அந்தத் தாமதம் எவ்வளவு நல்லது என்பது பிறகு புரிந்தது. அவசரத்தில் அடித்திருந்தால் என் அறை இன்று கத்தரிக்காய் நிறத்தில் இருந்திருக்கும்.

நான் விரும்பிய நிறம் பழுப்புச் சாயல் கலந்த, சற்றே அடர்ந்த சாம்பல். கடை அட்டைகளில் இதை வார்ம் கிரே என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது புழுதி படிந்த யானை. குளித்து முடித்த யானை கறுத்த நீலச் சாம்பலாகத் தெரியும்; அது மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்ட பிறகு தெரிகிற நிறம்தான் நான் சொல்வது. கடைப் பையன் அட்டையைப் பார்த்தவுடன், "சிமெண்ட் கலருங்களா அக்கா?" என்றான். அம்மாவின் எதிர்ப்பு வேறு விதமானது: "பூசறதுக்கு வேற கலரே கிடைக்கலியா கண்ணு? சுவத்துக்குச் சாம்பலைப் பூசுவாங்களா?" நிறம் என்று பார்த்தால் இருவர் சொன்னதும் தவறில்லை. சிமெண்டும் அடுப்புச் சாம்பலும் நீலம் சாய்ந்தவை. நான் தேடியது அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இந்தச் சாய்வைத்தான் பெயிண்ட் தொழிலில் அண்டர்டோன் என்கிறார்கள். நான் அடிநிறம் என்று எழுதுகிறேன். இந்த வேலை முழுவதிலும் எனக்குத் தொல்லை கொடுத்தது அடிநிறம் ஒன்றுதான்.

முதலில் அடர்த்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. மேலே விழும் ஒளியில் எவ்வளவு பங்கைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதே அது: 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. அமெரிக்க வீடுகளின் படங்களில் அடிக்கடி காட்டப்படும் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் டவ்டெயில் என்ற சாம்பலுக்கு இந்த எண் 26. அதே வரிசையில் அடுத்து வரும் கான்ட்லெட் கிரேக்கு 17. இந்த எண்ணைப் பார்த்து, நூற்றில் 26 என்றால் கரியைப் போல இருக்குமே என்று பயப்பட வேண்டியதில்லை. நம் கண் ஒளியை நேர்க்கணக்கில் அளப்பதில்லை. புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் சாம்பல் அட்டை 18 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவில் இருப்பதாகவே கண்ணுக்குப் படுகிறது. ஆகவே இருபதுகளின் நடுவில் உள்ள எண் என்பது இருட்டன்று; நடுத்தரத்திலிருந்து சற்றே மேலே நிற்கும் சாம்பல். ஆனால் அறையின் மொத்த வெளிச்சத்தைப் பொறுத்தவரை அந்த எண் எண்ணேதான். க்ரீம் சுவர் திருப்பிக்கொண்டிருந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் புதிய சுவர் திருப்பும் என்பதை மனத்தில் வைத்தே விளக்குகளைத் திட்டமிட வேண்டும்.

இனி அடிநிறம். பெங்களூரில் தோழி ஒருத்தியின் வீட்டில் இந்த வகைச் சாம்பலைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். அவளிடமே நிற எண்ணை வாங்கி, இங்கே கடையில் கொடுத்து, ஒரு லிட்டர் கலந்து வாங்கி வந்து, மேற்குச் சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் ஊதாவாகத் தெரிந்தது. காலையில் லேசாக, மாலை நாலரை மணிக்கு, மேற்கு வெயில் ஜன்னல் வழியே தரையில் நீளமாக விழுந்தபோது, ஐயத்துக்கு இடமில்லாத ஊதா. தோழியின் வீட்டில் இருந்த அதே நிறம், அதே எண், அதே நிறுவனம். கடையில் கலப்பதில் தவறு நடந்திருக்கும் என்று நினைத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பையன் பொறுமையாக மூடியில் அவர்கள் ஒற்றி வைத்திருந்த பொட்டையும் அட்டையையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துக் காட்டினான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

குற்றவாளி என் தரை. அவள் வீட்டில் இருப்பது வெளிறிய மணல் நிறத் தரைக்கல். என் வீட்டில் இருப்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேறிய சிவப்பு ஆக்சைடு. அதன்மேல் விழும் ஒளியில் பச்சையையும் நீலத்தையும் அது விழுங்கிவிட்டுச் சிவப்பைச் சுவர்மேல் எறிகிறது. க்ரீம் சுவரில் அந்தச் சிவப்பு கலந்தபோது சுவர் சற்றுப் பீச் நிறமாகத் தெரிந்திருக்கிறது. அதை இத்தனை ஆண்டுகளாக நாங்கள் பொருட்படுத்தவேயில்லை. சாம்பலில் அது மறையவில்லை. நான் கொண்டுவந்த சாம்பலின் அடிநிறமே லேசாகச் செவ்வூதா. அதன்மேல் தரையும் சேர்ந்துகொண்டது. ஒரு சோதனை செய்தேன்: ஒரு பழைய வெள்ளைப் போர்வையைச் சுவரோரமாகத் தரையில் விரித்தேன். ஊதா பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. போர்வையை எடுத்தேன், திரும்பி வந்தது. இதை மூன்று நான்கு தடவை செய்து காட்டிய பிறகுதான் அம்மாவே இந்த விஷயத்தில் ஆர்வம் காட்டத் தொடங்கினார்.

அதன் பிறகு டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கலக்கும் இயந்திரம் எந்தெந்தச் சாயத்தை எத்தனை மில்லி சேர்த்தது என்று அதில் சுருக்கக் குறிகளாக இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். வெள்ளை பேஸில், அதாவது சாயம் சேர்க்காத பெயிண்டில், கறுப்பை மட்டும் சேர்த்தால் கிடைப்பது நீலம் சாய்ந்த சாம்பல். அதைப் பழுப்பின் பக்கம் இழுக்க மஞ்சள் ஆக்சைடையும் சிவப்பு ஆக்சைடையும் சேர்க்கிறார்கள். என் முதல் டப்பாவில் கறுப்பும் சிவப்பு ஆக்சைடும் இருந்தன, கூடவே துளி ஊதாவும் இருந்தது. சிவப்புத் தரை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத கலவை கிடையாது.

எதிர்ப்பக்கம் போவோம் என்று, கறுப்பும் மஞ்சள் ஆக்சைடும் மட்டும் உள்ள ஒரு நிறத்தை இரண்டாவதாக வாங்கினேன். கறுப்போடு மஞ்சளைச் சேர்த்தால் பச்சை தலைகாட்டும் என்பது பள்ளியில் நீர்வண்ணப் பெட்டியோடு விளையாடியவர்களுக்கெல்லாம் தெரியும், எனக்கு மறந்துபோயிருந்தது. பகலில் தரையின் சிவப்பும் இந்தப் பச்சையும் ஒன்றையொன்று அணைத்து, சுவர் அழகான நடுச்சாம்பலாக நின்றது. இரவில் ட்யூப் லைட்டைப் போட்டதும் கிணற்றுச் சுவர்ப் பாசி. மூன்றாவதாகத் தேர்ந்த நிறத்தில் கறுப்பும் மஞ்சள் ஆக்சைடும் இருந்தன. சிவப்பு ஆக்சைடு மிகக் குறைவாக இருந்தது. எல்.ஆர்.வி. ஏறத்தாழ 26. அதுவே இப்போது சுவரில் இருக்கிறது. அதன் பெயரையும் எண்ணையும் இங்கே எழுதப் போவதில்லை. தோழியின் எண்ணை வாங்கிவந்து நான் பட்ட பாட்டை இன்னொருவர் படுவதற்கு நான் காரணமாக வேண்டாம்.

மாதிரி பார்ப்பதில் நான் செய்த இன்னொரு தவறு, பழைய க்ரீம் சுவரின்மேலேயே அடித்துப் பார்த்தது. சுற்றிலும் மஞ்சள் சாய்ந்த வெளிர்நிறம் இருக்கும்போது நடுவில் உள்ள சாம்பல், தான் இருப்பதைவிட அடர்த்தியாகவும் நீலமாகவும் கண்ணுக்குத் தோன்றும். இரண்டாவது நிறத்திலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். இரண்டடிக்கு ஒன்றரையடி அளவில் கெட்டிச் சார்ட் அட்டை வாங்கி, அதில் ரோலராலேயே இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் அட்டையை நிறுத்தினேன். மேசைமேல் படுக்கவைத்துப் பார்க்கவே கூடாது. கிடையாக இருக்கும் அட்டைக்கு மேலிருந்து ஒளி விழும், சுவருக்கு அப்படி விழாது. தரையைத் தொட்டபடி ஒருமுறை, கண் உயரத்தில் ஒருமுறை, கதவு நிலையை ஒட்டி ஒருமுறை, இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி வைத்தேன். காலை 7 மணி, மதியம் 1 மணி, மாலை 4.30, இரவு 8 மணி என்று நான்கு வேளையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்தேன்.

கதவு நிலையை ஒட்டி வைத்துப் பார்ப்பது எதற்கென்றால், தேக்கு செம்மஞ்சள். அதன் பக்கத்தில் நிற்கும் எந்தச் சாம்பலும் செம்மஞ்சளுக்கு எதிரான நீலத்தின் பக்கம் சரிந்து தெரியும். இதை முறையாக ஆராய்ந்து எழுதியவர் பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் மிஷெல் ஷெவ்ரல். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று வந்த புகாரை விசாரிக்கப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் அதை நூலாகவே வெளியிட்டார். கடைப் பையனிடம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன எனக்கு அவருடைய கதை பெரிய ஆறுதல்.

விளக்கு விஷயத்தில் அம்மாவோடு ஓர் உடன்படிக்கைக்கு வர வேண்டியிருந்தது. இங்கே பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் அறையிலும் இருந்தது 6500 கெல்வின் எல்.இ.டி. ட்யூப், நீலவெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எந்தப் பழுப்புச் சாம்பலும் உயிரற்றுப்போய், பையன் சொன்ன சிமெண்ட் கலராகவே ஆகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டால் சுவர் மிக அழகாக இருந்தது. ஆனால் அம்மாவால் நாளிதழ் படிக்க முடியவில்லை, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குது" என்றும் சொல்லிவிட்டார். கடைசியில் மேலே 4000 கெல்வின் ட்யூப் ஒன்றுக்கு இரண்டாகவும், நாற்காலிக்குப் பக்கத்தில் 3000 கெல்வின் நின்ற விளக்கு ஒன்றுமாக முடிவு செய்தோம். மூன்றும் நிறம் காட்டும் திறன், அதாவது சி.ஆர்.ஐ., 90-க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்டவை. விளக்குகளை மாற்றிய பிறகுதான் மூன்றாவது அட்டையை இறுதி செய்தேன். வரிசை முக்கியம்: பெயிண்ட் அடித்த பிறகு விளக்கை மாற்றினால், அடித்தது வேறு நிறம் என்று ஆகிவிடும்.

இதற்கிடையே சுவரைச் சரிசெய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. குளியலறையோடு ஒட்டிய கிழக்குச் சுவரின் அடிப்பகுதியில் ஒன்றரையடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. ஈரத்தில் கரைந்த உப்பு சுவரின் மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியான பின் வெள்ளைப் பொடியாக நின்றுவிடுகிறது. க்ரீம் சுவரில் கண்ணுக்குப் படாத இந்த வெள்ளை, சாம்பலில் திருநீறு பூசியது போலத் தெரியும். பிளம்பர் வந்து ஒரு பைப் இணைப்பில் கசிவை அடைத்தார். அதன்பின் மூன்று வாரம் காத்திருந்தோம். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டேன். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் இன்னும் சுவருக்குள் இருக்கிறது என்று பொருள். முதல் தடவை நீர் கோத்தது. பத்து நாள் கழித்து ஒட்டியபோது கோக்கவில்லை. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

டிஸ்டம்பரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன், கை வெளுத்தது. அதன்மேல் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், அடித்தால் பொடியோடு சேர்ந்து உரிந்துவிடும் என்பதால் முழுவதையும் சுரண்டினேன். நான்கு சுவர்களையும் சுரண்ட மூன்று நாள் ஆயிற்று. தோள்பட்டை இன்னும் மறக்கவில்லை. பட்டி பார்ப்பதை, அதாவது மாவு போன்ற பூச்சை இழுத்துச் சுவரின் மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவதை, மட்டும் நான் செய்யவில்லை. அடுத்த தெருவில் வயதான பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரண்டு நாளுக்கு அவரை அழைத்தேன். வெள்ளை சிமெண்ட் பட்டியை மெலிதாக இரண்டு தடவை இழுத்தார். நிறத்தைக் காட்டியபோது, "க்ரீம்னா மறைச்சுருமுங்க. இந்தக் கலரு மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக் குடுத்துருமுங்க" என்றவர், அவரே ஒரு வழியும் சொன்னார். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். பகலில் கண்ணாடியாகத் தெரிந்த சுவரில் நாற்பது இடங்களுக்கு மேல் நிழல் விழுந்தது. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டேன். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அந்த மை எமல்ஷனையும் தாண்டி மேலே ஊறி வந்துவிடும். மறுநாள் அவர் அந்த இடங்களை மட்டும் நிரப்பினார். நான் 180 எண், பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்வது கட்டாயம். துடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகாமல் இருப்பதும் அப்படித்தான்.

நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் தண்ணீரில் கரையும் வகை. வெள்ளையாகவே அடிக்காமல், சிறு பாட்டிலில் விற்கும் கறுப்பு ஸ்டெய்னரைக் கொஞ்சம் கலந்து வெளிர்சாம்பலாக்கிக்கொண்டேன். மேல் கோட்டில் எங்கேனும் ரோலர் படாமல் விட்டுப்போனால் வெள்ளை எட்டிப்பார்க்காது என்பது ஒரு லாபம். இரண்டே கோட்டில் நிறம் நிரம்பிவிடும் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

அளவுக் கணக்கு இப்படி: நான்கு சுவர்களின் சுற்றளவு 46 அடி, உயரம் 10 அடி, ஆக 460 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல்கள், சுவர் அலமாரி ஆகியவற்றுக்கு 85 சதுர அடி கழித்தால் 375. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சேர்த்து 120 முதல் 150 சதுர அடி வரை வரும். 130 என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு லிட்டர் வாங்கினேன். அந்த உபரி பின்னால் கைகொடுத்தது. மாதிரிக்காக வாங்கிய மூன்றாவது டப்பாவிலும் அரை லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. புதியதையும் அதையும் அருகருகே தடவிப் பார்த்ததில், எண் ஒன்றாக இருந்தும் மயிரிழை வித்தியாசம் தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு டப்பாக்களைத் தனித்தனியே பயன்படுத்தி ஒரே சுவரின் நடுவில் மாற்றுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

மினுமினுப்பு எவ்வளவு வேண்டும் என்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. அடர்நிறம் முழு மேட்டில்தான் அழகு. துளிகூடப் பளபளக்காமல், வெல்வெட் துணி போல நிற்கும். ஆனால் முழு மேட் சுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மினுங்கித் தழும்பாக நின்றுவிடும். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் தேங்காயெண்ணெய் வைத்த தலையைச் சுவரில் சாய்ப்பவர்கள். மாறாக, பட்டுப் போல மினுங்கும் சாட்டின் வகையை அடித்தால், மேற்கு வெயிலில் பட்டியின் அத்தனை அலைகளும் தெரியும். லேசான மினுமினுப்புள்ள, கழுவக்கூடிய வகையை எடுத்தேன். நாற்காலியையும் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளிப் போட்டேன்.

மேற்கூரையை முதலில் முடித்தேன். பளீரென்ற நீலவெள்ளை பக்கத்தில் இருந்தால் பழுப்புச் சாம்பல் அழுக்கேறியது போலத் தெரியும் என்பதால், துளி மஞ்சள் கலந்த வெள்ளையைக் கூரைக்கு அடித்தேன். சுவர்களை மறுநாள் காலை ஏழரைக்குத் தொடங்கினேன். இரண்டு அங்குலப் பிரஷ்ஷால் ஓரங்களை இழுப்பது, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரால் அந்த ஓரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு போவது. இதில் சோம்பல்பட்டால் சுவரைச் சுற்றிச் சட்டம் போட்டது போல பிரஷ் போன தடம் தனியாகத் தெரியும். எல்லா ஓரங்களையும் முதலில் இழுத்துவிட்டுப் பிறகு சாவகாசமாக ரோலரை எடுக்கலாம் என்பது வெளிர்நிறத்தில் செல்லும்; இந்த நிறத்தில் செல்லாது. தண்ணீரும் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

ஈரத்தில் சுவர் நான் தேர்ந்ததைவிட வெளிறித் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் நெஞ்சு படபடத்தது உண்மை. எமல்ஷனில் உள்ள பசைப்பொருள் ஈரத்தில் பால் போல வெண்மையாக இருக்கும். காயக் காயத் தெளிந்து, நிறம் அடர்ந்துவிடும். அட்டையில் அடித்தபோதே இதைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், பத்தடி உயரச் சுவரில் பார்க்கும்போது அறிவு அவ்வளவாக உதவுவதில்லை.

வடக்குச் சுவர் நன்றாக வந்தது. மேற்குச் சுவரில் இரண்டாவது கோட்டில் பாதி தாண்டியிருந்தபோது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ரோலரைத் தட்டில் வைத்துவிட்டுப் போய், ரப்பர் வளையத்தைச் சோதித்து, சில்லறை தேடிக் கொடுத்து, திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். போதாக்குறைக்கு, வியர்க்கிறதே என்று அதற்குச் சற்று முன்புதான் மின்விசிறியைப் போட்டிருந்தேன். விட்ட இடத்தின் ஓரம் அதற்குள் காய்ந்திருந்தது. மேலேயே தொடர்ந்து ஓட்டினேன். மாலையில் வெயில் சாய்ந்தபோது, சுவரின் நடுவில் கூரையிலிருந்து தரைவரை இரண்டு கைகள் அகலத்துக்கு ஒரு பட்டை தெரிந்தது. நிறம் மாறவில்லை, அந்த இடத்தில் பெயிண்ட் இரட்டையாகப் படிந்து மினுமினுப்பு மாறியிருக்கிறது, அவ்வளவே. நேராக நின்றால் தெரியாது. கதவருகே நின்றால் தெரியும். எல்லோரும் கதவு வழியாகத்தான் வருகிறார்கள்.

பட்டைமேல் மட்டும் தொட்டுப் பூசிச் சரிசெய்யலாம் என்று முயன்றதில் ஒரு பட்டை இரண்டாயிற்று. பெயிண்டர் அண்ணனிடம் போனில் கேட்டேன். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முழுச் சுவரையும் நிறுத்தாமல் இன்னொரு கோட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். தடித்த ஓரத்தை 220 உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, துடைத்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன், மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, 110 சதுர அடியை ஒரே மூச்சில் அடித்தேன். ஈரம் இருக்கும் ஓரத்தின்மேல் ஒவ்வொரு தடவையும் நான்கு விரல் அகலம் ஏறிப்போகும்படி, கடைசி இழுப்பு எல்லாம் மேலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில். பட்டை மறைந்தது. சுவர் முடிந்தபின் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். தேக்கு நிலைகளில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள், சாய்வாக இழுத்து எடுத்தேன். காய்ந்தபின் எடுத்தால் பெயிண்டின் தோலும் சேர்ந்து கிழிந்து வரும்.

நான்கு சுவர்களுக்கும் ஏன் அடித்தாய், ஒரு சுவருக்கு மட்டும் அடித்திருக்கலாமே என்று வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டார்கள். மூன்று சுவரை க்ரீமாக விட்டு ஒன்றை மட்டும் சாம்பலாக்கினால், அந்தச் சுவர் சட்டையில் வைத்த ஒட்டு போல நிற்கும் என்பது என் எண்ணம். நான்கும் ஒன்றாக இருக்கும்போது கண் சுவரை மறந்துவிடுகிறது. எதிர்பாராத பலன் தரையில்தான் தெரிந்தது. க்ரீம் சுவரின் பக்கத்தில் மங்கிக் கிடந்த சிவப்பு, இப்போது நேற்றுத் தேய்த்தது போல் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒட்டடை முன்பெல்லாம் மாதம் ஒருமுறை கண்ணில் படும். இப்போது ஒற்றை நூல் தொங்கினாலும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பல்லி எச்சமும் அப்படித்தான். நாற்காலி முதுகு உரசினால் உள்ளேயிருக்கும் வெள்ளைப் பட்டி கீறலாக வெளிப்படுகிறது. ஓதம் இருந்த இடத்தை ஐப்பசி மழை கடந்தால்தான் நம்புவேன்.

முதல் இரண்டு டப்பாக்களில் மிஞ்சிய ஊதாவும் பாசியும் மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறைக்குப் போயின. சுவருக்கு அடித்ததில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம் இருக்கிறது. பாதி காலியான டப்பாவில் வைத்தால் மேலே ஆடை படிந்துவிடும் என்பதால், மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடிகளில் விளிம்புவரை நிரப்பி, மூடிக்கு அடியில் பாலித்தீன் தாள் வைத்து, கலவைச் சீட்டின் நகலை ஒவ்வொன்றிலும் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் ஜாடியை இரண்டே வாரத்தில் திறக்க வேண்டியதாயிற்று. தினசரிக் காலண்டர் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அம்மா ஆணி அடிக்கச் சொன்னார். அடித்ததும் ஆணியைச் சுற்றிப் பட்டி உதிர்ந்து வெள்ளை வளையம் தெரிந்தது. காது துடைக்கும் குச்சியின் முனையில் பெயிண்டைத் தொட்டு அந்த வளையத்தை மட்டும் நிரப்பினேன். கொஞ்சம் திட்டாகத்தான் தெரிகிறது. காலண்டர் அதை மறைத்துக்கொண்டு தொங்குகிறது.